இரண்டு வண்டூர், ஒரு பயனெட்

வண்டூரில் இருக்கிறேன் என்று போனில் சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர், "அது கேரளாவுல இல்ல இருக்கு?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். மலப்புரம் மாவட்டத்தில், நிலம்பூர் பக்கத்தில் ஒரு வண்டூர் இருக்கிறது. அது மூத்தது. நான் இருப்பது இளையது. தெற்கு அந்தமானின் மேற்குக் கரை. ஜாலி பாய் தீவுக்குப் போக டூரிஸ்டுகள் படகு ஏறும் இடம். 1983-ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் வாசல். முதலைக்கு பயந்து வலை கட்டி, அந்த வலைக்குள்ளே குளிக்கச் சொல்கிற கடற்கரை.

இரண்டு ஊருக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் இல்லை. நடுவில் ஒரு பட்டாளம் இருக்கிறது, பட்டாளத்தின் துப்பாக்கி முனையில் ஒரு பயனெட் இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் பொழுதுபோக்கைச் சொல்லிவிடுகிறேன். பழைய ராணுவ பயனெட்டுகளில் குத்தியிருக்கும் முத்திரைகளைச் சேகரிக்கிறேன். முத்திரைகளை மட்டும். பயனெட்டையே வாங்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் ஆகிற பேங்க் ஆபீசர், குவார்ட்டர்ஸ் சுவரில் பதினேழு அங்குலக் கத்தியை மாட்டி வைக்க முடியுமா? வீட்டு அம்மா விட்டாலும் சட்டம் விடாது (அது கடைசியில் வருகிறது). அதனால் என்னிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். மியூசியத்தில் பார்த்தது, சேகரிப்பாளர்கள் காட்டியது எல்லாவற்றையும் வரைந்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன ஆசை என்று கேட்கலாம். நகைக் கடன் கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மதிப்பீட்டாளர் லென்ஸ் வைத்து வளையலின் உள்பக்கம் தேடுவாரே, அதே வேலைதான் இதுவும். நகை ஒன்று சொல்லும், முத்திரை ஒன்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கடன்.

பயனெட் என்றால்

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. பிரான்ஸின் பயோன் நகரத்தின் பெயரிலிருந்து வந்த சொல் என்பார்கள். ஹிந்துஸ்தானியில் சங்கீன். பதினேழாம் நூற்றாண்டில் ஆரம்பித்தபோது துப்பாக்கிக் குழலின் வாயிலேயே செருகினார்கள். செருகிய பிறகு சுட முடியாது. அப்புறம் குழலைச் சுற்றி மாட்டும் வளையம் வந்தது. கத்தி ஒரு பக்கம், தோட்டா ஒரு பக்கம், இரண்டு வேலையும் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் தூக்கியது இந்த வகைதான். முக்கோணமாக, ஊசி மாதிரி நீண்டிருக்கும். கம்பெனியின் துப்பாக்கியில் முதலில் இதய வடிவத்துக்குள் எழுத்துகள் போட்ட வணிக முத்திரை, 1808-க்குப் பிறகு எழுந்து நிற்கும் சிங்கம். சரக்கு மூட்டைக்குப் போட்ட அதே இதய முத்திரையைத்தான் ஆயுதத்துக்கும் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வியாபாரிதானே!

இந்தியாவில் சேகரிப்பவர்களின் கையில் அதிகம் தட்டுப்படுவது 1907 மாடல். லீ-என்ஃபீல்டு ரைபிளுக்கானது. அலகு மட்டும் 17 அங்குலம். இரண்டு உலகப் போரிலும் பிரிட்டிஷ் இந்தியப் படை தூக்கிய கத்தி. இதில் முத்திரைகள் ஒரு லெட்ஜர் பக்கம் மாதிரி வரிசையாக இருக்கும்.

கைப்பிடிக்குப் பக்கத்தில், அலகின் ஒரு பக்கம்: கிரீடம், அதன் கீழே ராஜாவின் எழுத்துகள், 1907 என்ற மாடல் எண், செய்த மாதமும் வருஷமும், செய்த கம்பெனி. வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், மோல் என்று இங்கிலாந்துப் பெயர்கள். நம் ஊர் ஈஷாப்பூர் ரைபிள் ஃபாக்டரியில் செய்ததில் ஆர்.எஃப்.ஐ. என்று இருக்கும். இங்கிலாந்துக் கத்தியில் ராஜாவுக்கு ஜி.ஆர். என்று இரண்டே எழுத்து. இந்தியக் கத்தியில் ஜி.ஆர்.ஐ. அந்தக் கூடுதல் 'ஐ' பேரரசர் என்பதைக் குறிக்கிறது. அங்கே அவர் ராஜா, இங்கே சக்கரவர்த்தி. ஒரே ஒரு எழுத்தில் முழு சாம்ராஜ்யக் கணக்கும் அடங்கிவிட்டது.

அலகின் மறுபக்கம்: காக்கா கால் மாதிரி ஓர் அம்புக்குறி, அதாவது அரசாங்கச் சொத்து. ஒரு பெருக்கல் குறி, அதாவது வளைத்துப் பார்த்து சோதித்தாயிற்று. பரிசோதகர்களின் சின்னச் சின்ன முத்திரைகள். இரண்டு அம்புகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு இருந்தால் படையிலிருந்து விற்றுத் தீர்த்தது என்று அர்த்தம். நம் பாஷையில் 'ரைட் ஆஃப்'!

கடைசியாக, கைப்பிடியின் குமிழில் அல்லது குறுக்குத் தடுப்பில் ரெஜிமென்ட் முத்திரை. பெரும்பாலும் பட்டாலியன் எண், ரெஜிமென்ட் பெயரின் சுருக்கம், அதன் கீழே ஆயுத எண். ஆயுதக் கிடங்கில் எந்தச் சட்டத்தில் எத்தனையாவது ஆயுதம் என்று கணக்கு வைக்க. சிப்பாய் மாறுவான், எண் மாறாது.

மூன்று தேதியும் ஒத்துப்போக வேண்டும்

ரெஜிமென்ட் முத்திரை இருந்தால் விலை ஏறும். விலை ஏறினால் போலியும் வரும். புது எழுத்துகளை வாங்கி பழைய கத்தியில் குத்துவது பெரிய வித்தை இல்லை. போலியைப் பிடிக்க நான் செய்வது வங்கியில் செய்யும் அதே ரீகன்சிலியேஷன்தான். மாடலின் தேதி, செய்த தேதி, ரெஜிமென்ட் அந்தப் பெயரில் இருந்த தேதி. மூன்றும் பொருந்தவேண்டும்.

இதற்கு மதராஸ் படைகளின் எண் மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். 1903-ல் கிச்சனர் இந்தியப் படை முழுவதற்கும் ஒரே வரிசையில் புது எண் கொடுத்தார். மதராஸ் காலாட்படைக்கு சூத்திரம் எளிது: பழைய எண்ணோடு 60 கூட்டு. 3-ம் மதராஸ் காலாட்படை 63-ம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 4-ம் படை 64-ம் பயனியர்ஸ். 23-ம் படை 83-ம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. பிறகு 1922-ல் இன்னொரு கலைப்பு. 73, 75, 79, 83, 86 என்ற எண்களில் இருந்த படைகளை ஒன்று சேர்த்து 3-ம் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று அதையும் 1928-க்குள் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர் பெற்றது.

இப்போது ஓர் உதாரணம். 1907 மாடல் கத்தியில் '23 மதராஸ் காலாட்படை' என்று முத்திரை இருந்தால் வாங்காதீர்கள். அந்தப் பெயர் 1903-லேயே போய்விட்டது, அந்தக் கத்தி அதற்கப்புறம் பிறந்தது. 1918-ல் செய்த அலகில் 83 என்று இருந்தால் நம்பலாம், ஆனால் 1922-க்குள் குத்தியதாக இருக்கவேண்டும். 1926-ல் செய்த அலகில் 83 இருந்தால்? செத்துப்போனவர் பெயரில் புதுக் கணக்கு ஆரம்பித்த மாதிரி.

பழைய எண்ணின் மேல் ஒரு கோடு வெட்டி, கீழே புது எண் குத்தியிருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். படை மாறினால், பெயர் மாறினால் அப்படித்தான் செய்தார்கள். நோட்டில் அடித்துத் திருத்தி கையெழுத்து போடுவது போல. எனக்கு அந்த வெட்டுக் கோடுகள்தான் ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. 60-க்கும் 93-க்கும் நடுவில் எண் இருந்தால் எல்லாம் நம்மவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தெற்கத்தியர் சண்டைக்கு ஆகமாட்டார்கள், வடக்கில் சில இனத்தார்தான் வீரர்கள் என்ற ஒரு கொள்கையை அப்போதைய தளபதிகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பல மதராஸ் படைகளில் ஆளை மாற்றி பஞ்சாபிகளை நிரப்பினார்கள். 66-ம் படை, 67-ம் படை எல்லாம் பெயரிலேயே பஞ்சாபி. எண் மட்டும் மதராஸ் வம்சம். மிச்சம் இருந்த 'கர்நாடிக்' படைகளில்தான் தமிழர்கள், மதராஸ் முஸ்லிம்கள், தலித்துகள், கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

1921

83-ஐ உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் காஞ்சிபுரத்துக்காரன். வாலாஜாபாத் எங்களுக்கு பஸ்ஸில் அரை மணி. அந்த ஊர் பெயரில் ஒரு ரெஜிமென்ட் இருந்ததை ஊரில் இருந்தவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தமானுக்கு வந்து, வண்டூர் என்ற பெயர் எப்படி வந்தது என்று தேடப் போய்த்தான் அது தட்டுப்பட்டது.

1921 ஆகஸ்டில் மலபாரில், எரநாடு, வள்ளுவநாடு தாலுகாக்களில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி வெடித்தது. கிலாபத் இயக்கம், ஜமீன்தார்-குத்தகைதாரர் பகை, மத வெறுப்பு எல்லாம் பின்னிக் கிடந்த சண்டை அது. ஆங்கிலேயரை எதிர்த்தும் நடந்தது, அக்கம்பக்கத்து ஹிந்துக்கள் மீதும் நடந்தது. எது எவ்வளவு என்று சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். மூத்த வண்டூர் அந்தப் பகுதியின் நடுவில் இருந்தது.

அடக்குவதற்குப் போன படைகளின் பட்டியல் நீளம். லின்ஸ்டர், டார்செட், சஃபோக் என்ற வெள்ளைக்காரப் படைகள், கூர்க்காக்கள், கார்வாலிகள், பர்மாவின் சின்-கச்சின் வீரர்கள். அவர்களோடு மதராஸிலிருந்து 64-ம் பயனியர்ஸ், 83-ம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. ஆகஸ்ட் 26-ம் தேதி பூக்கோட்டூரில் பெரிய மோதல். நவம்பர் 14-ம் தேதி விடிவதற்கு முன், வண்டூருக்குப் பக்கத்து ஊரான பாண்டிக்காட்டில், கூர்க்கா முகாமுக்குள் கிளர்ச்சிக்காரர்கள் நேரடியாகப் புகுந்தார்கள். இருட்டில் துப்பாக்கி உதவாத தூரம். குக்ரியும் பயனெட்டும் வாளும்தான். 200-க்கும் மேற்பட்ட கிளர்ச்சிக்காரர்கள் அங்கேயே இறந்தார்கள்.

அதே மாதம், திரூரிலிருந்து கைதிகளை ஒரு சரக்கு வேகனில் அடைத்துக் கதவைப் பூட்டி அனுப்பினார்கள். போத்தனூரில் திறந்து பார்த்தபோது உள்ளே காற்றில்லாமல் செத்துக் கிடந்தார்கள். கடைசியில் இறந்தவர் கணக்கு சுமார் 70. போத்தனூர் நமக்கு கோயம்புத்தூர் ஜங்ஷனுக்கு முந்தின ஸ்டேஷன். எத்தனை தடவை தாண்டிப் போயிருப்போம்?

அரசாங்கக் கணக்குப்படி கிளர்ச்சிக்காரர்களில் இறந்தவர் 2,300-க்கும் மேல். பிடிபட்டவர், சரணடைந்தவர் 45,000-க்கும் மேல். அவர்களில் ஒரு பகுதியைத்தான் 1922 முதல் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பினார்கள். இந்தக் கைதிக் குடியேற்றத்தை மூடிவிடலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்த சமயத்தில்தான் இவர்கள் வந்து இறங்கினார்கள். காட்டை வெட்டி நிலமாக்கினார்கள். பலர் பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைத்துக்கொண்டார்கள். குடியேறிய இடங்களுக்கு விட்டு வந்த ஊர்களின் பெயரை வைத்தார்கள். கலிகட், மஞ்சேரி, மன்னார்காடு, திரூர், நிலம்பூர், வண்டூர். அந்தமான் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், மலபார் அப்படியே கடலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும்.

இடம் பெயர்ந்தவன் செய்கிற முதல் காரியம் இதுதானே. ஜெர்சியிலும் சிட்னியிலும் நாம் வீட்டுக்கும் சங்கத்துக்கும் கடைக்கும் வைக்கிற பெயர்களைப் பாருங்கள். நாம் விசா வாங்கிக்கொண்டு போனோம். அவர்கள் சங்கிலியோடு வந்தார்கள். அவர்களை அப்படி அனுப்பிய படையில் நம் ஊர்ப் பெயர் தாங்கிய பயனெட்டும் இருந்தது. பெருமைப்படவும் முடியவில்லை, எனக்கு சம்பந்தமில்லை என்று தள்ளவும் முடியவில்லை. கூலிக்குப் போன சிப்பாய்க்கு எந்த ஊர், எந்தச் சண்டை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததா என்ன?

அந்தக் கத்தியின் அண்ணன்

இளைய வண்டூர் வேர் பிடித்து இருபது வருஷம்தான் ஆகியிருக்கும். 1942 மார்ச் 23-ம் தேதி ஜப்பானியர் தெற்கு அந்தமானில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் படை முன்பே கிளம்பிப் போயிருந்தது, எதிர்ப்பு இல்லை.

இங்கேதான் ஒரு விசித்திரம். ஜப்பானியச் சிப்பாயின் துப்பாக்கியில் இருந்தது 'முப்பதாம் வகை' பயனெட். மெய்ஜி ஆட்சியின் முப்பதாவது வருஷம், அதாவது 1897-ல் ஏற்றுக்கொண்ட மாடல். நீளமான ஒற்றை விளிம்பு அலகு, குறுக்குத் தடுப்பில் எதிரியின் கத்தியை மாட்டித் திருக ஒரு கொக்கி. பிரிட்டிஷாரின் 1907 மாடல் எதைப் பார்த்துச் செய்யப்பட்டது தெரியுமா? இதைப் பார்த்துத்தான்! 1902 முதல் இரண்டு நாடும் கூட்டாளிகள். முதலில் அந்தக் கொக்கியைக்கூட அப்படியே போட்டு, 1913-ல் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். கொக்கியோடு இருக்கும் 1907 பயனெட் சேகரிப்பாளர்களிடம் அதனால்தான் அபூர்வம்.

ஆக, 1921-ல் மலபாரிலிருந்து விரட்டிய கத்தியும், 1942-ல் இங்கே வந்து இறங்கிய கத்தியும் தம்பியும் அண்ணனும். 1945 அக்டோபரில் போர்ட் பிளேயர் ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் முறைப்படி சரணடையும் வரை மூன்றரை வருஷம், உளவாளிகள் என்ற சந்தேகத்தில் இந்தத் தீவுக்காரர்கள் பட்டது சொல்லி மாளாது. 1944 ஜனவரி 30-ம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் மட்டும் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நேதாஜி போர்ட் பிளேயரில் கொடியேற்றிவிட்டுப் போயிருந்தார்.

எண் இருக்கிறது, பெயர்?

நோட்டைப் புரட்டும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. கத்திக்கு எல்லா விவரமும் இருக்கிறது. பிறந்த மாதம், வருஷம், செய்தவர் பெயர், சோதித்தவர் முத்திரை, வேலை பார்த்த படை, கிடங்கு எண், ஓய்வு பெற்ற குறி. அதைத் தூக்கிய ஆளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இராக்கில் பஸ்ராவில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் கல்லில் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு? ரெஜிமென்ட் பெயரின் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் இப்படிப்பட்ட பாகுபாடு நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்ப் பக்கமும் சில இடங்களில் பழைய சுவர்களில் பளிங்குப் பலகை பார்த்திருப்பீர்கள். 1914-1919 மகா யுத்தத்துக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று. அங்கேயும் எண்தான்.

பெயர் இல்லாத இடத்தில் எண்ணாவது மிஞ்சட்டும் என்றுதான் முத்திரைகளை எழுதி வைக்கிறேன். ரெஜிமென்ட் எண் தெரிந்தால் அந்தப் படை எந்த வருஷம் எந்த ஊரில் இருந்தது என்று தேடலாம். குடும்பத்தில் யாராவது அந்தப் படையில் இருந்தால் கதை ஒட்டிக்கொள்ளும். எண்ணும் போய்விட்டால் அது வெறும் இரும்பு, கிலோ கணக்கில் போகும்.

வீட்டில் ஒன்று இருந்தால்

தாத்தா பட்டாளத்தில் இருந்த வீடுகளில் பரண் மேல் ஒன்று கிடக்கலாம். கிடைத்தால்:

உப்புத்தாளோ கிரைண்டரோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பளபளப்பு வரும், முத்திரை போய்விடும். மெல்லிய எண்ணெய் தடவி, மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும். தோல் உறைக்குள் போட்டே வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், கத்தி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

முத்திரையின் மேல் மெல்லிய காகிதம் வைத்து மெதுவான பென்சிலால் தேயுங்கள், சின்ன வயதில் காசுக்குச் செய்வோமே அப்படி. போட்டோ எடுத்தால் விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்வாகப் பிடியுங்கள், பாதி அழிந்த எழுத்தும் தெரியும்.

சட்டம்: 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் பயனெட் பெயர் சொல்லியே இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு அந்தப் பட்டியலில் வரும். லைசென்ஸ் தேவையா என்பது நீங்கள் இருக்கும் பகுதிக்கு மத்திய அரசு அறிவிப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாவட்ட நிர்வாகத்தில் கேட்டுவிட்டு வைத்துக்கொள்வதுதான் நல்லது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷம் கடந்த சரித்திரப் பொருள்களை தனி நபர் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. 1918 பயனெட் நூறைத் தாண்டிவிட்டது. தாத்தா ஞாபகமாக சிங்கப்பூருக்கோ டொரன்டோவுக்கோ பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டுமென்றால் சென்னை ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், கம்பெனி காலத்து ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. அந்தமான் வருபவர்களுக்கும் சொல்கிறேன். கடல் பூங்காவிலிருந்து சிப்பிகூட எடுக்கக் கூடாது. பழைய பங்கரில் துருப்பிடித்து எது கிடந்தாலும் தொடாதீர்கள். அது வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, பட்டாளத்துத் தாத்தாவைப் பற்றி வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். முழுப் பெயர், ஊர், ரெஜிமென்ட், டிஸ்சார்ஜ் காகிதம் இருந்தால் அதிலுள்ள எண். ஒரு நோட்டில் எழுதி, முத்திரையின் பென்சில் படியை அதோடு சேர்த்து ஒட்டுங்கள். சர்க்கார் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. பெயரை நாம்தான் எழுதவேண்டும், அது தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே.